கார் அலாரம், ரிமோட் ஸ்டார்ட் நாமளே மாட்டுறது எப்படி: வயர் கலரை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க

சென்னை பாடி மேம்பாலம் ஏறிட்டு இருக்கேன், சாயங்காலம் ஆறரை மணி, பின்னாடியே ஒட்டிக்கிட்டு ஒரு டவுன் பஸ்ஸு, திடீர்னு இன்ஜின் ஆஃப். பிரேக்கை ரெண்டு மூணு தடவ மிதிச்சதும் பெடல் கல்லாட்டம் இறுகிடுச்சு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு ஹசார்டு போட்டுட்டு உக்காந்துட்டேன். அடுத்த நாள் டேஷ்போர்டு அடியில தலைய விட்டுப் பாத்தா, ஒரு கடையில மாட்டின அலாரத்தோட ரிலே (கரண்ட்டால ஆன் ஆஃப் ஆகற ஸ்விட்ச்சு) அங்க தொங்குது, இக்னிஷன் வயரையே வெட்டி அது வழியா விட்டிருக்காங்க, ஜாயிண்ட்டு சும்மா முறுக்கி டேப் சுத்தினது, அந்த டேப்பு வெயில்ல உருகி கழண்டு வந்துருக்கு. அன்னிக்கு மொத்தத்தையும் புடுங்கிப் போட்டுட்டு நானே முதல்ல இருந்து மாட்டினேன். ரெண்டு சனி ஞாயிறு ஆச்சு. என் வண்டி சென்ட்ரல் லாக்கே இல்லாத பழைய ஆல்டோ, அதுக்கப்புறம் மச்சானோட பெட்ரோல் ஆட்டோமேட்டிக்ல ரிமோட் ஸ்டார்ட்டும் மாட்டினேன், அந்த ரெண்டையும் வச்சுதான் எழுதுறேன்.

முதல்ல யார் இதை செய்யக்கூடாதுன்னு சொல்லிடறேன். வண்டி வாரண்டில இருந்தா வயரை வெட்டாதீங்க, நாளைக்கு எந்த எலக்ட்ரிக்கல் பிரச்னை வந்தாலும் அந்த ஜாயிண்டத்தான் காட்டுவாங்க. புஷ் பட்டன் வண்டி, டோர் லாக்கு இண்டிகேட்டர் எல்லாம் கம்ப்யூட்டர் வழியா போற புது வண்டி, இதுக்கெல்லாம் அந்த மாடலுக்குன்னே கப்ளரோட (வயருங்கள சொருகுற பிளாஸ்டிக் கனெக்டர்) வர்ற கிட்டு இருந்தா வாங்கி சொருகுங்க, இல்லன்னா விட்டுடுங்க. இந்த வழிகாட்டி சாவி போட்டு திருகுற, சாதா ஸ்விட்ச்சு வயரிங் இருக்கிற வண்டிக்குத்தான்.

வாங்க வேண்டியது

கிட்டு, ரிலே, ஆக்சுவேட்டர் (கதவு லாக்கை இழுக்கற சின்ன மோட்டார்) எல்லாம் சென்னைல ஜி.பி. ரோட்டுல கிடைக்கும், மீட்டர், டயோடு (கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடுறது), சூடு பட்டா சுருங்குற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், சால்டரிங் அயர்ன் இதுக்கு ரிச்சி தெரு. கிட்டு வாங்கறப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க, ரிமோட்டு ரோலிங் கோடா ஃபிக்ஸட் கோடா. ஃபிக்ஸட் கோடுன்னா ஒவ்வொரு தடவையும் அதே சிக்னல்தான் போகும், ஒருத்தன் பக்கத்துல நின்னு அதை காப்பி பண்ணிட்டா அவன் கையிலயும் உங்க சாவி இருக்குன்னு அர்த்தம். ரோலிங் கோடுல ஒவ்வொரு அமுக்கலுக்கும் கோடு மாறும்.

டிஜிட்டல் மல்டிமீட்டர் கண்டிப்பா வேணும். பழைய மெக்கானிக்குங்க கையில பல்பு வச்ச டெஸ்ட் லாம்ப் இருக்கும், அது வேண்டாம், அந்த பல்பு இழுக்கிற கரண்ட்டு இன்ஜின் கம்ப்யூட்டர் வயர்ல போச்சுன்னா அதை அடிச்சிடும். 30/40 ஆம்பியர் அஞ்சு பின் ரிலே ரெண்டு, 1என்4007 டயோடு ஒரு பத்து, பியூஸ் ஹோல்டர், துணி டேப். பிவிசி டேப்பு வேணவே வேணாம், மே மாசம் வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள அதோட பசை ஒழுகி வயரு வழுக்கிட்டு வெளிய வந்துடும், என் கதைதான் மேல இருக்கே. வயரு மேல வச்சு பிளையர்ல அமுக்குனா ஜாயிண்ட் ஆயிடும்னு ஒரு பிளாஸ்டிக் கிளிப்பு குடுப்பாங்க, அதையும் வாங்காதீங்க, அது கம்பியில பாதி இழைய அறுத்துடும், ஆறு மாசத்துல மழை ஈரம் பட்டு பச்சை பூத்துடும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்கு ஒரு கல்லு. சாவி உங்க சட்டைப் பாக்கெட்டுல, கண்ணாடி ஒண்ணு இறக்கியே இருக்கட்டும், ஏன்னா சென்ட்ரல் லாக் டெஸ்ட் பண்றப்ப சாவி உள்ள மாட்டி கதவு பூட்டிக்கிறது எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கும். வயரை வெட்டுறப்ப, சால்டர் பண்றப்ப எல்லாம் பேட்டரியோட நெகட்டிவ் டெர்மினல் கழட்டி இருக்கணும், 10 நம்பர் ஸ்பேனர் போதும், மீட்டர் வச்சு பாக்கறப்ப மட்டும் திரும்ப மாட்டிக்கோங்க. சலிப்பாத்தான் இருக்கும். மஞ்சள் ஸ்லீவோ மஞ்சள் கப்ளரோ பாத்தா கைய எடுத்துடுங்க, அது ஏர்பேக் வயரு, மீட்டரே வைக்கக்கூடாது. ஸ்டியரிங் கீழ மஞ்சளா எதாவது ஓடுச்சுன்னா பேட்டரி கழட்டின பிறகும் சில நிமிஷம் விட்டுட்டு வேலைய ஆரம்பிங்க.

சாவி வயருங்கள கண்டுபிடிக்கிறது

முழு வேலையிலயும் இதுதான் உயிர். சாவி போடுற பேரல் பின்னாடி இருந்து தடிமனா நாலஞ்சு வயர் ஒரு கப்ளருக்கு வரும். ஸ்டியரிங் கீழ இருக்கிற பிளாஸ்டிக் கவரை கழட்டி, மல்லாக்க படுத்து, கருப்பு புரோபை ஏதாவது வெறும் இரும்பு போல்ட்டுல வச்சுக்கோங்க, மீட்டர் 20 வோல்ட் டிசில. சிவப்பு புரோபை கப்ளரோட பின்பக்கம் வழியா ஒவ்வொரு வயரா தொட்டு, ஒவ்வொண்ணுக்கும் சாவிய ஆஃப், ஆக்சஸரி, ஆன், செல்ஃப் நாலு நிலையிலயும் வச்சுப் பாருங்க. வீட்டுல யாரையாவது சாவி திருக கூப்பிட்டுக்கோங்க, நான் என் பொண்ண உக்கார வச்சேன், அவ "ஆன், செல்ஃப், ஆஃப்"னு கமெண்ட்ரியே குடுத்தா.

சாவி ஆஃப்ல இருந்தாலும் 12.6 கிட்ட காட்டுறது பேட்டரில இருந்து நேரா வர்ற வயரு. ஆன் பண்ணதும் 12 வந்து, செல்ஃப் அடிக்கிறப்பவும் விழாம (10, 11 வரைக்கும் இறங்கும், ஆனா பூஜ்யம் ஆகாது) நிக்கிறது இக்னிஷன். ஆன்ல 12 இருந்து செல்ஃப் அடிக்கிற நொடி மட்டும் பூஜ்யமாகி திரும்ப வர்றது ஆக்சஸரி, ஏசி ஃபேன் ரேடியோ எல்லாம் அதுல. செல்ஃப் அடிக்கிறப்ப மட்டும் 12 வந்து விட்டதும் போயிடுறதுதான் செல்ஃப் வயரு. சில வண்டில இக்னிஷன் ரெண்டு இருக்கும், ரெண்டையும் குறிச்சுக்கோங்க. ஒவ்வொண்ணுலயும் மாஸ்கிங் டேப் ஒட்டி பேனாவுல பேரு எழுதிடுங்க.

நெட்டுல உங்க மாடலுக்கு வயர் கலர் சார்ட் கிடைக்கும், பாருங்க, தப்பில்ல, ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி மீட்டர் சொன்னாத்தான் வெட்டணும். என் வண்டில முன்னாடி மாட்டினவன் நீட்டி விட்ட வயரெல்லாம் ஒரே கருப்பு, பாதி வழியில கலரே மாறிடுச்சு.

பவரும் எர்த்தும்

அலாரத்தோட பவர் வயர பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து எடுக்கறதா இருந்தா, டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள 15 ஆம்பியர் பியூஸ் வந்துடணும். பியூஸை டேஷ்போர்டு கிட்ட வச்சுட்டு இன்ஜின் ரூம் முழுக்க பியூஸ் இல்லாத வயரை ஓட்டுறவங்க இருக்காங்க, நடுவுல எங்கயாவது இரும்புல உரசுச்சுன்னா வண்டியே எரியும். எர்த்துக்கு பாடியில ஒரு போல்ட்டை கழட்டி, அடியில பெயிண்ட்டை சாண்ட் பேப்பர்ல வெள்ளையா சுரண்டிட்டு, ரிங் டெர்மினல் போட்டு இறுக்குங்க. இன்ஜின் கம்ப்யூட்டரோட எர்த் போல்ட்டுல போய் ஒட்டிக்காதீங்க. அலாரம் காரணமே இல்லாம கத்துது, ரிமோட்டு சில நேரம் வேலை செய்யல, இந்த மாதிரி கேஸுல முதல்ல பாக்க வேண்டியது எர்த்துதான்.

சைரனும் பானட் ஸ்விட்ச்சும்

சைரன் எக்ஸாஸ்ட் பக்கம் போகாம, வாய் கீழ பாத்த மாதிரி இருக்கணும், மேல பாத்தா மழைத் தண்ணி தேங்கி ஒரே சீசன்ல ஊமையாயிடும். வயரை உள்ள இருந்து இன்ஜின் ரூமுக்கு கொண்டு போக புது ஓட்டை போட வேண்டாம், ஏற்கனவே மெயின் வயர் கட்டு போற ரப்பர் ஒண்ணு இருக்கும், அதுல ஓரமா சின்னதா கிழிச்சு, நிமித்தின குடைக்கம்பில வயரோட முனைய டேப் சுத்தி தள்ளுனா அந்தப் பக்கம் வந்துடும். இன்ஜின் பக்கம் வயரு ரப்பருக்கு கீழ ஒரு தொங்கல் விட்டு அப்புறம் மேல ஏறட்டும், இல்லன்னா தண்ணி வயரு மேலயே வழிஞ்சு உங்க கால்கிட்ட சொட்டும். பானட் பின் ஸ்விட்ச்சு, மூடி மூடினா அழுந்துற இடத்துல. பானட்ட திறந்து பேட்டரி வயர புடுங்கிட்டா அலாரமே செத்துடும்ல, அதனால இதை விட்டுடாதீங்க.

கதவு, ரூஃப் லைட்டு, இண்டிகேட்டர்

கதவு திறந்தா ரூஃப் லைட்டு எரியுதுல்ல, அந்த ஸ்விட்ச்சு வயர்தான் அலாரத்துக்கு வேணும். லைட்ட "டோர்"ல வச்சுட்டு அந்த வயர்ல மீட்டர் வையுங்க. கதவு மூடி இருக்கறப்ப 12, திறந்தா பூஜ்யம்னா நெகட்டிவ் டைப், ஜப்பான் வழி வந்த வண்டில பெரும்பாலும் இதுதான். தலைகீழா வந்தா பாசிட்டிவ் டைப். கிட்டுல ரெண்டுக்கும் தனித்தனி வயர் குடுத்திருப்பாங்க, ஒண்ணை மட்டும் மாட்டி இன்னொண்ண டேப் சுத்தி விட்டுடுங்க. ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும்: சில வண்டில டிரைவர் கதவுக்கு மட்டும் தனி வயரு, மத்ததுக்கு வேற. ரெண்டையும் நேரா சேத்து முறுக்குனா லைட்டு மறந்து போனா கத்துற பஸ்ஸர் எந்தக் கதவு திறந்தாலும் கத்தும். ஒவ்வொரு வயருக்கும் ஒரு டயோடு போட்டு, நெகட்டிவ் டைப்புன்னா டயோடோட வெள்ளைக் கோடு கதவு ஸ்விட்ச் பக்கம் இருக்கற மாதிரி வச்சு, மறுமுனைங்கள சேத்து அலாரத்துக்கு குடுங்க.

இண்டிகேட்டருக்கு கிட்டுல ரெண்டு வயர் வரும், ஒண்ணு இடது ஒண்ணு வலது. ஸ்டியரிங்ல இருக்கிற இண்டிகேட்டர் லீவரோட கப்ளர்லயே கிடைச்சுடும், இடது இண்டிகேட்டர் போட்டா எந்த வயர்ல 12ம் பூஜ்யமும் மாறி மாறி வருதுன்னு பாருங்க. ரெண்டையும் ஒண்ணா சேத்துட்டா இடது போட்டா ரெண்டு பக்கமும் மினுக்கும், பின்னாடி வர்றவன் நீங்க எங்க போறீங்கன்னே தெரியாம முழிப்பான்.

சென்ட்ரல் லாக் ஆக்சுவேட்டர்

இது வயரிங்க விட தச்சு வேலை. டிரைவர் கதவுக்கு அஞ்சு வயர் ஆக்சுவேட்டர், மத்த மூணுக்கும் ரெண்டு வயர். டோர் பேடு கழட்டுனா உள்ள ஒரு பிளாஸ்டிக் ஷீட் கருப்பு பசையில ஒட்டி இருக்கும், அதை கிழிக்காம உரிங்க, திரும்ப அதே மாதிரி ஒட்டுங்க, குப்பைன்னு தூக்கிப் போட்டா கண்ணாடி வழியா இறங்குற மழைத் தண்ணி எல்லாம் உள்ள கால் மேட் மேல வந்துடும். ஆக்சுவேட்டர் தண்டு லாக் கம்பிக்கு இணையா, அதே திசையில இழுக்கணும், கோணலா மாட்டுனா ஒரு மாசத்துல பிளாஸ்டிக் பல்லு தேஞ்சுடும். ஸ்குரூ போடுறதுக்கு முன்னாடி கண்ணாடிய முழுசா ஏத்தி இறக்கிப் பாருங்க. நான் பாக்கல. முதல் தடவ கண்ணாடி இறங்கறப்ப ஆக்சுவேட்டர்ல இடிச்சு "க்ரக்"னு ஒரு சத்தம், நல்ல வேளை கண்ணாடி தப்பிச்சுது, ஆக்சுவேட்டர் போச்சு.

செல்ஃப் கட் ரிலே: இதுல மட்டும் சமரசம் வேண்டாம்

திருடன் ஸ்டார்ட் பண்ணக்கூடாது, அதுக்கு எதையாவது வெட்டணும். சீக்கிரம் வேலை முடியணும்னு பாக்கறவங்க இக்னிஷனையோ பெட்ரோல் பம்ப் வயரையோ வெட்டுவாங்க. அந்த ரிலே ஓடிட்டு இருக்கறப்ப மக்கர் பண்ணா இன்ஜின் நடு ரோட்டுல நிக்கும், நான் பாலத்துல நின்ன மாதிரி. செல்ஃப் வயரை வெட்டுனா, ரிலே செத்தா அடுத்த தடவ ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான், ஓடற இன்ஜினுக்கு அதனால ஒண்ணும் ஆகாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணி திருடிட்டு போகலாமேன்னு கேட்டா, ஹேண்ட் கியர் வண்டில போகலாம்தான், சைரன் கத்த கத்த தள்ளிட்டு போற திருடனுக்கு என் சல்யூட்டு.

செல்ஃப் வயரை நடுவுல வெட்டுங்க. சாவி பக்கத்து முனை ரிலேயோட 30ம் நம்பர் பின்னுக்கு, நம்பரெல்லாம் ரிலே மேலயே இருக்கும். மோட்டார் பக்கத்து முனை 87ஏக்கு, 87க்கு இல்ல, நல்லா பாருங்க. 86க்கு இக்னிஷன் வயர்ல இருந்து ஒரு சின்ன கிளை. 85க்கு அலாரத்துல இருந்து வர்ற ஸ்டார்ட்டர் கட் வயரு, அது அலாரம் ஆர்ம் ஆனதும் (பூட்டி காவலுக்கு ஆன் ஆனதும்) எர்த் குடுக்கும். இப்படி மாட்டுனா சாவி போடாதவரைக்கும் ரிலே காயில்ல கரண்ட்டே ஓடாது, பேட்டரி மிச்சம். கிட்டே செத்துப் போனாலும் 30ம் 87ஏவும் தானா ஒட்டிக்கிட்டு இருக்கறதால வண்டி ஸ்டார்ட் ஆகும். 85க்கும் 86க்கும் நடுவுல ஒரு டயோடு, வெள்ளைக் கோடு 86 பக்கம், காயில் ஆஃப் ஆகறப்ப எகிறுற வோல்ட்டேஜு கிட்டை அடிக்காம இருக்க. இங்க போடுற வயரு பழைய வயரு அளவுக்காவது தடிமனா இருக்கணும். கம்பிய உரிச்சு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி, ஈயம் உள்ள உறிஞ்சற வரைக்கும் சூடு குடுத்து, மேல ஸ்லீவ் போட்டு சுருக்குங்க. இழுத்துப் பாருங்க, வரக்கூடாது.

ரிமோட் ஸ்டார்ட்

ஆசை புரியுது, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆபீஸ் பார்க்கிங்ல நிக்கிற வண்டிய மேல இருந்தே ஏசி போட்டு வச்சா எப்படி இருக்கும்னு. என் ஆல்டோல நான் மாட்டல, மாட்டவும் மாட்டேன். நம்ம ஊர்ல முக்காவாசி பேர் ஹேண்ட் கியர் வண்டிய கியர்ல போட்டுத்தான் நிறுத்துறோம். கியர்ல இருக்கற வண்டிக்கு செல்ஃப் அடிச்சா அது நகரும், இன்ஜின் பத்திக்கிச்சுன்னா ஓடியே போகும். குளிர் நாட்டு கிட்டுங்கள்ல இதுக்குன்னு ஒரு முறை இருக்கு, இன்ஜின் ஓடறப்பவே நியூட்ரல்ல ஹேண்ட் பிரேக் போட்டு, இறங்கி, கதவ பூட்டுன பிறகுதான் இன்ஜின் ஆஃப் ஆகும், நடுவுல கதவு ஒரு தடவ திறந்தாலும் ரிமோட் ஸ்டார்ட் ரத்து. அந்த வசதி இல்லாத மலிவு கிட்டை ஹேண்ட் கியர்ல மாட்டாதீங்க. ஏஎம்டி (ஹேண்ட் கியர் பெட்டியவே கம்ப்யூட்டர் மாத்துற ஆட்டோமேட்டிக்) வண்டியும் அதே ஆபத்துதான், நம்ம ஊர் ஏஎம்டிங்கள்ல பெரும்பாலும் பார்க் நிலையே கிடையாது, கியர்லதான் நிக்குது.

பார்க் இருக்கற ஆட்டோமேட்டிக்ல எப்படின்னா, மேல குறிச்சு வச்ச சாவி வயருங்க இப்ப கைகுடுக்கும். கிட்டோட தடிமன் வயருங்க பேட்டரி, இக்னிஷன், ஆக்சஸரி, செல்ஃப் நாலுக்கும் இணையா போகும், எதையும் வெட்ட வேண்டாம். செல்ஃப் கட் ரிலே இருந்தா ரிமோட் ஸ்டார்ட்டோட செல்ஃப் வயரு 87ஏ பக்கம், அதாவது மோட்டார் பக்கம் சேரணும். 30 பக்கம் சேத்தா அலாரம் ஆர்ம்ல இருக்கறப்ப கிட்டு ஸ்டார்ட் குடுக்கும், ரிலே வெட்டிக்கிட்டே இருக்கும், "டிக் டிக்"னு சத்தம்தான் வரும். மச்சான் வண்டில இதுக்கே அரை நாள் போச்சு.

அடுத்து பிரேக் வயர், பெடல் மிதிச்சா 12 வர்றது. கண்ணாடிய உடைச்சு ஒருத்தன் உள்ள உக்காந்தாலும் பெடல மிதிச்ச உடனே இன்ஜின் ஆஃப் ஆகறது இதனாலதான். பானட் ஸ்விட்ச்ச ரிமோட் ஸ்டார்ட்டுக்கும் குடுங்க, மெக்கானிக் ஃபேன் பெல்ட்டுல கை வச்சிருக்கறப்ப வீட்டுல குழந்தை ரிமோட்ட அமுக்கலாம். அப்புறம் டேக்கோ வயரு, இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னு கிட்டுக்கு சொல்றது. மீட்டரை ஏசி (ஆல்டர்நேட்டிங் கரண்ட்) வோல்ட்ல வச்சா ஐடில்ல ஒரு சில வோல்ட் காட்டி ஆக்சிலரேட்டர் குடுக்கக் குடுக்க ஏறணும், அதுதான். இது இல்லாம பேட்டரி வோல்ட்டேஜ வச்சு கண்டுபிடிக்கிற கிட்டும் உண்டு, பேட்டரி வயசானா குழம்பி ஓடற இன்ஜினுக்கே செல்ஃப் குடுக்கும், பல்லு சக்கரம் கதறும்.

சாவில சிப் இருக்கற வண்டின்னா, மாருதில ஐ-கேட்ஸ்னு சொல்றது, ரிமோட்ல செல்ஃப் மட்டும் சுத்தும், பத்திக்காது. அதுக்கு ஒரு பைபாஸ் டப்பா, உள்ள உங்க ரெண்டாவது சாவிய வைக்கணும். ரிமோட் ஸ்டார்ட் நேரம் மட்டும் அந்த சிப்ப படிக்க விடுற டைப்புதான் வாங்கணும், எப்பவும் படிக்க விடுறதா இருந்தா கம்பெனி குடுத்த பாதுகாப்ப நீங்களே புடுங்கிட்டீங்க. சாவியோட வெட்டு பாகத்த அறுத்துட்டு சிப் தலைய மட்டும் வைங்க.

சட்டமும் ஒண்ணு இருக்கு, மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126: பொது இடத்துல வண்டிய நிறுத்தி வச்சா லைசென்ஸ் உள்ள ஆள் டிரைவர் சீட்டுல இருக்கணும், இல்ல இன்ஜின ஆஃப் பண்ணி பிரேக் போட்டிருக்கணும். ஆக ரோட்டோரம் நிறுத்திட்டு மாடியில இருந்து ஸ்டார்ட் பண்ணா தப்புதான், சொந்த காம்பவுண்டுல பண்ணிக்கலாம். மூடின ஷெட்டுல மட்டும் வேண்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஓடற நேரத்த 10 நிமிஷத்துக்கு மேல வைக்காதீங்க.

செட்டிங், டெஸ்ட்

ஷாக் சென்சர டேஷ்போர்டு அடியில ஏதாவது கெட்டியான இரும்புல இறுக்குங்க. கண்ணாடிய உள்ளங்கையால தட்டினா சின்ன எச்சரிக்கை, பலமா குத்தினா முழு சைரன், அந்த அளவுக்கு ஸ்குரூவ திருகுங்க. அப்புறமும் தீபாவளி ராத்திரி லட்சுமி வெடிக்கு கத்தும், அன்னிக்கு மட்டும் சென்சர ஆஃப் பண்ணிடுங்க, அபார்ட்மெண்ட்ல மூஞ்ச காட்ட முடியாது. வேலே ஸ்விட்ச்ச (ரிமோட் இல்லாம அலாரத்த ஆஃப் பண்றது) ஒளிச்சு வைங்க, ஆனா வீட்டுல ஒருத்தருக்காவது எங்கன்னு காட்டிடுங்க, ரிமோட் பேட்டரி செத்து ஊர் நடுவுல நிக்கறப்ப அதுதான் காப்பாத்தும்.

இன்சூரன்ஸ்ல திருட்டு தடுப்பு கருவிக்கு சொந்த சேத ப்ரீமியத்துல 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபா தள்ளுபடி உண்டு, ஆனா கருவி ஏஆர்ஏஐ (புனேல இருக்கற வண்டி சோதனை நிறுவனம்) அனுமதி வாங்கினதா இருக்கணும், மாட்டினதுக்கு ஆட்டோமொபைல் அசோசியேஷன் சான்றும் வேணும், அதனால இந்த 500 ரூபாவ நம்பி இறங்காதீங்க.

கடைசியா பேட்டரி ஒழுகல் டெஸ்ட். எல்லாம் பூட்டி ஆர்ம் பண்ணிட்டு, (பானட் ஸ்விட்ச்ச ஒரு கட்டை வச்சு அமுக்கிக்கோங்க) மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுல மாத்தி, நெகட்டிவ் டெர்மினல் கழட்டி அதுக்கும் வயருக்கும் நடுவுல மீட்டர். செல்ஃப் மட்டும் அடிச்சிடாதீங்க, மீட்டர் பியூஸ் போயிடும். அரை மணி நேரம் விட்டுட்டு பாருங்க, 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 50 மில்லின்னாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர், என் ஆல்டோவோட 35 ஆம்பியர் ஹவர் பேட்டரிய மூணு வாரம் எடுக்காம விட்டா 25 போயிடும், செல்ஃப் எடுக்காது. எனக்கு முதல்ல 180 காட்டுச்சு, ஒவ்வொரு பியூஸா புடுங்கிப் பாத்ததுல ரூஃப் லைட்டு பியூஸ்ல சட்டுனு இறங்குச்சு, டயோடு ஒண்ண தலைகீழா வச்சிருந்தேன். மாத்தின பிறகு 28.

எந்த வயரை எங்க வெட்டுனேன், எந்தக் கலரோட எந்தக் கலரை சேத்தேன், ரிலே எங்க இருக்கு, எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதி ஆர்சி காப்பியோட வச்சிருந்தேன். போன வாரம் வேற எதுக்கோ வயரிங் பாக்க வந்த எலக்ட்ரீஷியன் அதைத்தான் முதல்ல கேட்டாரு, ஆர்சி காப்பிய இன்சூரன்ஸுக்கு குடுக்கறப்ப அந்தப் பேப்பரும் கூடவே போயிடுச்சு போல. ரெண்டாவது காப்பி எழுதி வீட்டுலயும் வைங்க.